தேம்பாவணியும் வேளாங்கண்ணியும்

வீரமாமுனிவர் மரியாளைத் தமிழச்சியாக்கினார் என்று ஒரு வாக்கியம் நம்மிடையே வெகுகாலமாகப் புழங்கி வருகிறது. பாடநூல்களில் இருக்கிறது, கருத்தரங்குகளில் இருக்கிறது, ஆய்வேடுகளில் முன்னுரையாகவும் முடிவுரையாகவும் இருக்கிறது. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தபோது இந்த வாக்கியத்துக்கும் சேர்த்தே பீடம் கட்டியாகிவிட்டது. சிலையில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வாக்கியத்தில்தான் இருக்கிறது.

இந்த ஆட்சேபணை புத்தகங்களுக்கு நடுவில் உட்கார்ந்து தோன்றியதல்ல. என் அம்மாவுக்குக் கண் அழுத்த நோயில் ஒரு கண் போய்விட்டது. மற்ற கண் நிற்க வேண்டுமென்று வேளாங்கண்ணி மாதாவுக்கு வெள்ளிக் கண் நேர்ந்துகொண்டிருந்தாள். அம்மா கிறிஸ்தவள் அல்ல. தஞ்சைப் பக்கத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்து, நெற்றியில் திருநீறு இல்லாமல் அடுப்பு மூட்டாதவள். தெரிந்த தெய்வங்களிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது, இனி இவளிடமும் சொல்லிப் பார்ப்போம் என்ற கணக்குத்தான். பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர அவளால் முடியாது என்பதால் கடன் என் தலையில் விழுந்தது. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று முணுமுணுத்தேன். அவள் சொன்னாள்: "நீ ஒண்ணும் நம்ப வேண்டாம்ப்பா. கொண்டுபோய்ப் போட்டுட்டு வா. நம்பறது என் வேலை."

நம்பிக்கையையும் செயலையும் இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டும் ஒரு தத்துவ வாக்கியத்தை நான் சமீபத்தில் படித்ததில்லை. கிளம்பிவிட்டேன்.

வழியைச் சற்று வளைத்துக்கொண்டு முதலில் ஏலாக்குறிச்சிக்குப் போனேன். அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டிய ஊர். இத்தாலியில் காஸ்திலியோனேயில் 1680இல் பிறந்து, 1711இல் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்த சேசுசபைத் துறவி கொன்ஸ்தான்சோ பெஸ்கி, வீரமாமுனிவராகி நெடுங்காலம் பணி செய்த இடம். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டியவரும் அவர்தான். கோயில் அடைக்கல மாதாவுக்கு. அரியலூர் மழவராயருக்கு வந்த ராஜபிளவை மாதாவின் அருளால் ஆறியதென்றும், அந்த நன்றிக்கு அவர் கோயிலுக்கு நிலம் விட்டாரென்றும் ஊர் வழக்கு. நான் போனது ஒரு சாதாரண நாள். வாசலில் இரண்டு மூன்று பேர். உள்ளே ஒரு கிழவர் ஜெபமாலையை உருட்டியபடி தூங்கிக்கொண்டிருந்தார். அமைதி என்று சொல்லலாம். யாரும் அதிகம் வராத அமைதி. அங்கே உட்கார்ந்து, கையோடு கொண்டுபோயிருந்த தேம்பாவணியைப் புரட்டினேன்.

1726இல் முடிந்த காப்பியம். 3 காண்டம், 36 படலம், 3615 விருத்தம். ஆகிர்தா மரியாள் என்ற ஸ்பானியக் கன்னியாஸ்திரியின் நூலைத் தழுவியது. காப்பியத் தலைவன் வளன் என்கிற சூசை. முப்பது வயதுக்கு மேல் ஒரு மொழிக்குள் நுழைந்தவன் அந்த மொழியின் காப்பிய மரபு முழுவதையும் கையகப்படுத்திக்கொண்டது அசுர சாதனை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சாதனை வேறு, சிருஷ்டி வேறு. யூதேயா நாட்டைப் பாட வந்தவர் காப்பிய இலக்கணம் கேட்டபடி நாட்டுப் படலம் பாடுகிறார், நகரப் படலம் பாடுகிறார். மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு எருசலேமுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். இதைத்தான் நம் பண்டிதர்கள் தமிழ்மயமாக்கம் என்கிறார்கள். உண்மையில் தமிழ்மயமானது சட்டகம் மட்டும். சட்டகத்துக்குள்ளே நிற்கும் மரியாள், இறையியல் வகுத்துக் கொடுத்த இடத்தை விட்டு ஓர் அங்குலமும் நகராதவள். அவளுக்குக் குறை என்று எதுவும் கிடையாது. யாரிடமும் எதுவும் கேட்க வேண்டிய நிலையில் கவிஞர் அவளை வைக்கவில்லை. சேலை தமிழ்ச் சேலை. உடுத்தியிருப்பவள் நம்மிடம் பேசுவதில்லை.

இந்தக் காப்பியத்தில் உயிருள்ள இடமே இல்லையா? இருக்கிறது. கருணையன் என்று இவர் பெயரிட்டு அழைக்கும் ஸ்நாபக அருளப்பர், காட்டில் தன் தாய் எலிசபெத்தை இழந்து தனித்து நின்று புலம்பும் பகுதி. பள்ளிப் பாடமாகக்கூட வைத்திருக்கிறார்கள். அங்கே காப்பிய அலங்காரம் இருந்தும் அதைத் தாண்டி ஒரு சிறுவனின் வெறுங்கை தெரிகிறது. தாய்நாட்டை விட்டு வந்து திரும்பிப் போகாமலே 1747இல் இறந்துபோன ஒரு மனிதரின் சொந்தத் துக்கம் இதில் கலந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு; நிரூபிக்க முடியாது. இன்னொரு பக்கம் அவருடைய சிறு பிரபந்தங்கள் இருக்கின்றன. அரங்கத்துக்கும் தில்லைக்கும் பாடப்பட்ட கலம்பகம் என்ற வடிவத்தை எடுத்து, கொள்ளிடக் கரையில் தான் பெயர் வைத்த ஒரு சிற்றூருக்குப் பாடினாரே, அந்தத் திருக்காவலூர்க் கலம்பகத்தில் இருக்கும் துணிச்சல் பெரிய காப்பியத்தில் இல்லை. அங்கே ஊரும் உண்மை, அடைக்கலம் தேடி வந்தவர்களும் உண்மை.

ஏலாக்குறிச்சியிலிருந்து திருமானூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று பஸ் மாறி மாறி வேளாங்கண்ணி போய்ச் சேர இரவாகிவிட்டது. ஆகஸ்ட் 29இல் கொடியேறி செப்டம்பர் 8இல் முடியும் திருவிழாவுக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனாலும் காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள் சாலை ஓரத்தில் சாரிசாரியாக வந்துகொண்டிருந்தார்கள். பழனிக்குப் போகிற நடை அது. திசை மட்டும்தான் வேறு. காலையில் பார்த்தால் மொட்டைத் தலைகள், தென்னங்கன்றைத் தோளில் சாத்திக்கொண்டவர்கள், பர்தா அணிந்த பெண்கள். பெரிய கோயிலிலிருந்து மாதாகுளம் வரை போகும் மணல் பாதையில் முழங்காலால் நடக்கிறார்கள். ஒரு நடுத்தர வயதுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முட்டி தேயப் போகிறார். அவர் மனைவி பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டிலோடு நடந்து போகிறாள். 1962இல் ரோமாபுரி பசிலிக்கா அந்தஸ்து தந்த கோயில் இது. இவர்களில் எத்தனை பேருக்கு அந்தச் சொல் தெரியும் என்பது வேறு விஷயம்.

வேளாங்கண்ணிக்குக் காப்பியம் இல்லை. இருப்பது மூன்று கதைகள், ஆசிரியர் பெயர் இல்லாதவை. 1971இல் சினிமாவாகவும் வந்து நைந்துபோனவை என்பதால் நம் விமர்சகர்கள் அவற்றை இலக்கியமாகப் படித்துப் பார்த்ததில்லை. ஒருமுறை படித்துப் பார்ப்போம்.

முதல் கதையில், நாகப்பட்டினத்தில் இருக்கும் எஜமானருக்குப் பால் கொண்டுபோகிற பையன் குளக்கரை ஆலமரத்தடியில் களைத்துத் தூங்கிவிடுகிறான். கையில் குழந்தையோடு ஒருத்தி வந்து எழுப்பி, குழந்தைக்குப் பால் கேட்கிறாள். கொடுக்கிறான். பால் அவனுடையது அல்ல, எஜமானருடையது. பயந்துகொண்டே போய், தாமதத்துக்கும் அளவு குறைந்ததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறான். மூடியைத் திறந்தால் பால் நிரம்பி வழிகிறது. இரண்டாவதில், ஒரு விதவையின் மகன், நொண்டிப் பையன், நடுத்திட்டில் மோர் விற்கிறான். அவள் வந்து குழந்தைக்கு மோர் கேட்கிறாள். கொடுக்கிறான். நாகப்பட்டினத்துக்குப் போய் இன்னாரிடம் எனக்கொரு கோயில் கட்டச் சொல் என்கிறாள். எழுந்து ஓடும்போதுதான் கால் சரியாகிவிட்டது என்பது அவனுக்கே தெரிகிறது. மூன்றாவதில், மக்காவோவிலிருந்து கொழும்புக்குப் போகும் போர்ச்சுகீசிய மாலுமிகள் புயலில் சிக்கி, கரை சேர்ந்தால் உனக்குக் கோயில் கட்டுகிறோம் என்று வேண்டிக்கொள்கிறார்கள். கரை சேர்கிறார்கள். கட்டுகிறார்கள். கப்பலில் கொண்டுவந்த பீங்கான் தட்டுகளைப் பீடத்தில் பதிக்கிறார்கள்.

இந்தக் கதைகளின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டிலும் முதலில் கேட்கிறவள் அவள். கொடுக்கிறவன் ஒன்றுமில்லாதவன், ஒருவன் ஊழியக்காரன், ஒருவன் ஊனமுற்றவன். முதல் கதையில் நடக்கும் அற்புதம் எவ்வளவு சிறியது பாருங்கள். ஒரு கூலிப் பையன் திட்டு வாங்காமல் தப்பிக்கிறான், அவ்வளவே. வானம் பிளக்கவில்லை. உபதேசியார் இல்லை, வேதபாடம் இல்லை, ஞானஸ்நானம் இல்லை. கடலிலிருந்து வெள்ளைக்காரன் மூன்றாவது கதையில்தான் வருகிறான், அவனும் உபதேசிக்க வரவில்லை. உயிருக்கு மன்றாடிக்கொண்டு வருகிறான். பிற்பாடு வந்தவனைப் பின்வரிசையில் நிற்கவைத்துவிட்டது இந்தக் கதைக் கோவை. வீரமாமுனிவரின் மரியாளுக்குக் கிடைக்காத ஒன்று, ஒரு வாய் மோர் கேட்கும் உரிமை, பெயர் தெரியாத கதைசொல்லிகளின் மரியாளுக்குக் கிடைத்திருக்கிறது. வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து மோர் கேட்கிறவள் நம் தெருவுக்கு வந்தாகிவிட்டது. அவளை மேற்கொண்டு தமிழச்சியாக்க யாரும் தேவையில்லை.

கோயிலை ஒட்டிக் காணிக்கைப் பொருள்களுக்கென்று ஒரு காட்சியகம் இருக்கிறது. வெள்ளியிலும் பொன்னிலும் கண், கை, கால், இருதயம், வீடு, தொட்டில். பிரசவம் நன்றாக முடிந்ததற்கு, வேலை கிடைத்ததற்கு, பரீட்சை தேறியதற்கு நன்றிக் கடிதங்கள். பார்த்துக்கொண்டே போகும்போது நம் புதுக்கவிதைகள் ஞாபகத்துக்கு வந்தன. அவற்றில் கண்கள் ஏராளம். இருட்டைக் குடிக்கும் கண், மதில்மேல் முளைத்த கண், கண்ணாடிக்குள் விழுந்து உடையும் கண். ஒரு கண்ணாவது பார்வை வேண்டுமென்று கேட்டதுண்டா? இந்த வெள்ளிக் கண்ணில் படிமம் இல்லை. கண் என்றால் கண். இன்னாருடைய கண், இந்த வருஷம், இந்தக் கரையில். வார்த்தை தன் பொருளோடு இவ்வளவு நெருக்கமாக நிற்பதைத்தானே கவிதையில் தேடுகிறோம் என்று நாம் இத்தனை வருஷமாக எழுதி வருகிறோம்? மண் வாசனை என்று நாம் கொண்டாடுவதும் பண்டிதரின் அதே சேலைதான். கதையில் இரண்டு பக்கம் வட்டார வழக்கு, கவிதையில் ஒரு சுடலைமாடன். எருசலேமுக்கு நீர் பாய்ச்சியவரைக் கேலி செய்ய நமக்கு என்ன யோக்கியதை?

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும்: ஏட்டுப் பண்டிதம் பொய், ஜனங்கள் மெய். அப்படி ஜனங்களை வழிபடுவதும் ஒரு பம்மாத்துத்தான். வேளாங்கண்ணியில் 2004 டிசம்பர் 26ஐ ஒதுக்கிவிட்டு எதையும் பேச முடியாது. கிறிஸ்மஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் கடற்கரையில் இருந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை என்று இன்றைக்கும் கடைக்குக் கடை சொல்கிறார்கள். வியாபாரப் பத்திரிகைகளுக்கு அது அற்புதம். நாத்திக நண்பர்களுக்கு அது ஏளனம்: சுவரைக் காப்பாற்றத் தெரிந்தவளுக்குப் பிள்ளைகளைக் காப்பாற்றத் தெரியவில்லையா? கேள்வி நியாயமானது. ஆனால் அதைக் கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று நாம் யோசிப்பதில்லை.

வெள்ளிக் கண் வாங்கிய கடையில் இருந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். தங்கை மகனை அன்றைக்குப் பறிகொடுத்தவர். தண்ணீர் கோயிலுக்குள் வரவில்லை என்ற கதையை அவரும் சொன்னார். உங்களுக்கு மாதாமேல் கோபம் வரவில்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் தகட்டைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே சொன்னார்: "வராம என்ன? அந்த வருசம் பூரா நான் மாதாகிட்டப் பேசல. கடையத் தொறப்பேன், கோயில் பக்கம் திரும்ப மாட்டேன். அப்புறம் வேற யாருகிட்டப் போயிப் பேசறது?"

ஒரு வருஷம் பேசாமல் இருந்தவருக்கு அற்புதமும் ஏளனமும் இரண்டும் வெளியூர்க்காரர்களின் பேச்சு. மோர் கேட்டு வந்தவளோடு உள்ள உறவில் சண்டைக்கும் இடம் இருக்கிறது. 3615 விருத்தத்தில் யாரும் மரியாளிடம் பேசாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

கண்ணை உண்டியலில் போட்டேன். பக்கத்தில் மன்றாட்டு எழுதிப் போடுகிற பெட்டி. அம்மாவுக்காக ஒரு வரி எழுதிப் போடலாம் என்று பேனாவை எடுத்தேன். இருபது வருஷமாக மற்றவர்களின் வார்த்தைகளில் போலி எது, நிஜம் எது என்று தீர்ப்புச் சொல்லி வந்தவன். ஒரு வரி வரவில்லை. எழுதியதெல்லாம் ஒன்று நாடகமாக இருந்தது, அல்லது மனு மாதிரி இருந்தது. நம்பாதவன் யாரை விளித்து எழுதுவது? நம்புகிறவன்போல எழுதினால் அது தேம்பாவணியைவிட மோசமான அலங்காரம். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு பெண் என் கையில் பேனாவைப் பார்த்துவிட்டு வந்தாள். எழுதத் தெரியாதாம், எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். சரி, சொல்லுங்கள் என்றேன். "தாயேன்னு ஆரம்பிங்கண்ணே" என்றாள். அவள் சொன்னதை இங்கே எழுதுவது முறையல்ல. அது வேறொருத்திக்கு எழுதிய கடிதம். கலப்பில்லாமல் நாலே வரிகள். என்னால் எழுத முடியாமல் போனதும் அதுதான்.

'தாயே' என்று எழுதியபோதுதான் அந்தக் கொம்பு கண்ணில் பட்டது. ஓலைச்சுவடிகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு ஒரு புள்ளிதான். ஓலை கிழியும் என்று அதையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். குறிலா நெடிலா என்று படிக்கிறவன்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். கொம்பின் தலையை இன்னொருமுறை சுழித்து நெடிலுக்குத் தனி உருவம் கொடுத்தவர் வீரமாமுனிவர். கூப்பிடுகிற நெடில் அது. தாயே, மாதாவே, மகனே. அந்தப் பெட்டிக்குள் விழும் ஒவ்வொரு தமிழ்ச் சீட்டிலும் முதல் வார்த்தையில் ஏலாக்குறிச்சிக்காரரின் கைச்சுழிப்பு இருக்கிறது. எழுதுகிறவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

காப்பியம் பாடியபோது அவர் தன் புகழையும் தன் தேவனின் புகழையும் நினைத்திருப்பார். சுழியைச் சேர்த்தபோது படிக்கிறவனின் சிரமத்தை நினைத்திருப்பார். நிலைத்தது இரண்டாவது. எழுதுகிறவனின் எந்தப் பகுதி ஜனங்களுக்குப் பயன்படும் என்பதை அவன் தீர்மானிப்பதில்லை என்பது நம்மைப் போன்ற சிறு கூட்டத்துக்கு ஆறுதலா, எச்சரிக்கையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பண்டிதம் பொய், ஜனங்கள் மெய் என்ற என் முடிவை அந்தச் சுழி கலைத்துவிட்டது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஊர் திரும்பியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, ஒற்றைக் கண்ணா ஜோடியா என்பது. கடையில் ஜோடியாகத்தான் ஒரே தகட்டில் விற்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "நான் ஒண்ணுதானே நேர்ந்துக்கிட்டேன். போகட்டும், இன்னொண்ணு யாருக்காவது ஆகும்" என்றாள்.

வீரமாமுனிவர் மரியாளைத் தமிழச்சியாக்கினார் என்று பேச அடுத்த கருத்தரங்கிலும் ஆட்கள் வருவார்கள். யாராவது அந்தக் கொம்பின் சுழியைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் சொல்லியனுப்புங்கள். வந்து கேட்கிறேன்.